எந்த போல்ட்டுக்கு எதைப் பூசுவது: மலையேறும் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அரிச்சுவடி

கிளட்ச் மாற்றக் கியர்பொக்ஸை இறக்கினால், திரும்ப ஏற்றுகிற நேரத்தில் தட்டில் இருபது முப்பது போல்ட் குவிந்து கிடக்கும். அப்போது கராஜில் நிற்கிற ஆளுக்கு ஆள் ஒரு யோசனை வைத்திருப்பார்கள். "எல்லாத்துக்கும் கொஞ்சம் ஒயில் தடவு தம்பி, அடுத்த முறை லேசா கழலும்" என்பார் ஒருவர். "லொக்டைட் போடாம ஒண்டையும் பூட்டாத, நுவரெலியா ரோட்ல ஓடுற வண்டி" என்பார் அடுத்தவர். மூன்றாவது ஆள், பெரும்பாலும் வயதில் மூத்தவர், ஒன்றும் வேண்டாம், நன்றாக இழுத்து இறுக்கினால் போதும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். வேடிக்கை என்னவென்றால் மூன்று பேர் சொல்வதும் அந்தத் தட்டில் கிடக்கிற ஏதோ ஒரு போல்ட்டுக்குப் பொருந்தும். எந்த போல்ட்டுக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு போல்ட்டுக்கு என்ன கெடுதல் வரலாம் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். அது ஓட்டத்தில் தளர்ந்து கழன்றுவிடலாம். இல்லையென்றால் துருவேறி இறுகி, கழற்றும்போது தலை முறிந்து வரலாம். அதுவும் இல்லையென்றால் மரை வழியாக ஒயில் கசியலாம். தளர்வதைத் தடுக்க ஒரு மருந்து (மரைப்பசை, நாம் லொக்டைட் என்பது), இறுகிப்போவதைத் தடுக்க ஒரு மருந்து (அன்டி சீஸ், கொப்பர் கிரீஸ் அதில் ஒரு வகை), கசிவைத் தடுக்க ஒரு மருந்து (மரை சீலன்ட்). இவை ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது, முதல் இரண்டும் நேர் எதிரிகள். நான்காவது வகை போல்ட்டும் உண்டு, எதுவுமே பூசக்கூடாதது. வண்டியில் அதிகம் இருப்பது அந்த வகைதான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போல்ட் எப்படிப் பிடிக்கிறது

மருந்துக்குப் போகுமுன் இது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மீதி எல்லாம் மனப்பாடம்தான். இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனாலும் நீள்கிறது. நீண்ட இரும்பு திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று நசுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. பசை இல்லை, வொஷர் இல்லை, இந்த இழுவிசைதான் பிடி. நாம் டோர்க் ரென்ச்சில் பார்க்கிற எண் அந்த இழுவிசையை நேராக அளப்பதில்லை, சுற்றுவதற்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதை மட்டும் அளக்கிறது. அந்தப் பலத்தில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போய்விடுகிறது, இன்னொரு 40 சதவீதம் மரையில் உராய்வாகப் போகிறது, மிச்சம் 10 சதவீதம் அளவுதான் போல்ட்டை நீட்டுவதற்குப் பயன்படுகிறது.

இப்போது அந்த உராய்வை ஒயிலோ கிரீஸோ போட்டுக் குறைத்தால் என்ன நடக்கும்? கணக்குப் போட்டே பார்ப்போம், கஷ்டமான கணக்கு இல்லை. எம்10 அளவு, தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண போல்ட் ஒன்று. மெனுவலில் 48 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. உலர்ந்த மரைக்கு உராய்வுக் காரணியை 0.2 என்று எடுப்பது வழக்கம். 48ஐ 0.2ஆலும், போல்ட்டின் விட்டமான 0.010 மீட்டராலும் வகுத்தால் 24,000 நியூட்டன், அதாவது இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவான இழுவிசை. அதே போல்ட்டுக்குக் கொப்பர் கிரீஸைத் தடவினால் காரணி 0.13 பக்கம் இறங்கிவிடும். ரென்ச் அதே 48இல்தான் டிக் என்று சொல்லும், ஆனால் உள்ளே இழுவிசை 36,900 நியூட்டனைத் தொட்டிருக்கும். அந்த போல்ட் நிரந்தரமாக நீண்டுபோகாமல் தாங்கக்கூடிய வரம்போ 33,600 நியூட்டன் அளவுதான். ஆக, கையில் எந்த வித்தியாசமும் தெரியாமல், ரென்ச்சும் சரி என்று சொல்ல, போல்ட்டைக் கெடுத்து வைத்துவிட்டோம்.

மெனுவலில் இருக்கிற ஒவ்வொரு டோர்க் எண்ணும் மரையின் ஒரு குறிப்பிட்ட நிலையோடு சேர்ந்த எண். "ஒயில் தடவி" என்று எழுதியிருந்தால் தடவ வேண்டும். பசை போட்டு என்று எழுதியிருந்தால் அந்த எண் பசையின் வழுக்கலையும் சேர்த்துத்தான் தரப்பட்டிருக்கிறது. ஒன்றும் எழுதவில்லை என்றால் சுத்தமான, உலர்ந்த மரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்குகிற எதையாவது நீங்களாகச் சேர்த்தால் எண்ணையும் நீங்களே குறைத்தாக வேண்டும், அன்டி சீஸ் என்றால் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை.

மலை ரோட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

நிறைய இருக்கிறது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது என்ஜின் சில்லைத் தள்ளுகிறது. அதே ரோட்டில் இறங்கும்போது கியரைப் போட்டு என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடிக்கிறோம், அப்போது சில்லு என்ஜினைத் தள்ளுகிறது. புரொப்பலர் சாப்ட்டில், அதாவது கியர்பொக்ஸிலிருந்து பின்பக்க டிபரன்சியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டில், முறுக்கு ஒரு திசையில் இருந்தது மறுதிசைக்குத் திரும்புகிறது. கொழும்பு கண்டி ரோட்டில் கடுகண்ணாவை தவிர்ந்த மிச்ச தூரத்தில் இது எப்போதாவது நடக்கும், றம்பொடைப் பக்கம் வளைவுக்கு வளைவு நடக்கும். கொழுந்து லொறிகளுக்குப் பாரமும் சேர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் அந்தத் தண்டின் நுனியில் போல்ட் போட்டுச் சேர்த்த இரண்டு வட்டத் தகடுகளும் (பிளேஞ்ச்) ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் நகரப் பார்க்கும். போல்ட்டின் இழுவிசை போதுமென்றால் நகராது. போதாவிட்டால் மயிரிழை அளவு நகரும், அது போதும் போல்ட் கழல்வதற்கு. ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யூங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இதைத்தான்: போல்ட்டை அதிகம் தளர்த்துவது நீளவாக்கில் வருகிற அதிர்வு கிடையாது, குறுக்கே வருகிற நகர்வு. அந்தச் சோதனை முறைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். நாம் காலங்காலமாக நம்பி வந்த ஸ்பிரிங் வொஷர் அந்த மாதிரிச் சோதனையில் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. அதற்காக மெனுவலில் இருக்கிற வொஷரைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை, அதை நம்பி டோர்க்கைக் கோட்டை விடாதீர்கள் என்கிறேன்.

நகர்வு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்து, டிபரன்சியல் பக்கத்துப் பிளேஞ்ச்சில் போல்ட் தலையைச் சுற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் மாதிரி சிவந்த மெல்லிய தூள், தலையைச் சுற்றி வளையமாகவோ பொருத்துக் கோட்டில் கீற்றாகவோ தெரிந்தால், இரண்டு இரும்பும் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருக்கிறது. நமது பக்கம் மண்ணே சிவப்பு என்பதால் சேறு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விரலால் தொட்டுத் தேய்த்தால் வித்தியாசம் தெரியும், துருத்தூள் மாவு போல நைசாக இருக்கும், ஒயிலோடு கலந்திருந்தால் விரலில் காவி பூசியது போல ஒட்டும்.

மரைப்பசை

நாம் எல்லாவற்றையும் லொக்டைட் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது ஒரு கம்பெனியின் பெயர். த்ரீபாண்ட், பெர்மடெக்ஸ் என்று வேறு பலரும் செய்கிறார்கள். டொயோட்டா மெனுவலைத் திறந்தால் சில போல்ட்டுகளுக்கு த்ரீபாண்ட் 1324 அல்லது 1344 என்று எண்ணோடு போட்டிருக்கும். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரத்தில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் உருவாக்கியதுதான் முதல் லொக்டைட். காற்று இருக்கும்வரை நீராக இருக்கும், காற்று இல்லாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்தால் கெட்டியாகிவிடும். மரைக்குள் போல்ட்டும் துளையும் நெருங்கி நிற்கிற இடைவெளியில் காற்று இல்லை, இரும்பு இருக்கிறது, அதனால் அங்கே மட்டும் உறைகிறது. வெளியே வழிந்தது நாள் கணக்கானாலும் ஈரமாகவே இருக்கும். அதைப் பார்த்து "பசை பிடிக்கவே இல்லை" என்று பயப்பட வேண்டாம், துணியால் துடைத்துவிடுங்கள்.

போத்தலைத் திறந்ததும் பாதிதான் இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. போத்தல் அப்படித்தான் வரும். மேலே இருக்கிற காற்றுதான் உள்ளே இருப்பதை உறையவிடாமல் வைத்திருக்கிறது, பிளாஸ்டிக்கும் காற்றை மெதுவாக உள்ளே விடுகிற வகை. அதனால் இதை வேறு டப்பாவுக்கு மாற்றி ஊற்றக்கூடாது, முக்கியமாக இரும்பு டப்பாவுக்கு. போத்தல் வாயை நேரே போல்ட்டில் முட்டித் தேய்க்கவும் கூடாது, ஒரு துகள் இரும்பு உள்ளே போனாலும் மிச்சம் கெடலாம். திகதி தாண்டிய போத்தலை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லொக்டைட் வரிசையில் 222 ஊதா, சின்ன ஸ்குருக்களுக்கு. 243 நீலம், ஸ்பேனர் கொண்டே கழற்றக்கூடிய நடுத்தரப் பிடி. 263, 271 சிவப்பு, சூடாக்காமல் கழலாது. 290 பச்சை, ஏற்கெனவே பூட்டிய போல்ட்டுக்கு மேலிருந்து ஊற்றினால் தானாக மரைக்குள் ஊறிப் போகும். ஆனால் 638ம் பச்சைதான், அது பெயரிங் போன்ற உருளைப் பாகங்களை நிரந்தரமாக ஒட்டுகிற வேறு சாமான். போதாக்குறைக்கு போத்தலின் பிளாஸ்டிக்கே சிவப்பு, உள்ளே இருப்பது நீலமாக இருந்தாலும். கடையில் போய் "சிவப்பு லொக்டைட்" என்று கேட்டால் சிவப்புப் போத்தலில் நீலத்தையும் தரக்கூடும், சிவப்பையும் தரக்கூடும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வேறு கம்பெனிகளின் நிறங்கள் இந்த வரிசைக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒன்றே ஒன்று வாங்க வசதி என்றால் 243 வாங்குங்கள் என்பேன். பழைய 242ஐ விட இது கொஞ்சம் ஒயில் பட்ட மரையையும் தாங்கும், வெப்பமும் 180 பாகை வரை தாங்கும், கியர்பொக்ஸ் வேலைக்கு அது தாராளம். சிவப்பை வாங்கி வைத்திருந்தால் கை அதையே எடுக்கும். "பலமானது நல்லது" என்கிற எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் சிவப்பு போட்ட கியர்பொக்ஸைக் கழற்றுகிற அடுத்த மெக்கானிக் பாஸ் உங்களை வாழ்த்த மாட்டார்.

சுத்தம்தான் பாதி வேலை. பழைய பசை வெள்ளையாகவோ வெளிறிய நீலமாகவோ செதில் செதிலாக மரைக்குள் ஒட்டியிருக்கும். போல்ட்டை வயர் பிரஷ்ஷால் தேய்க்கலாம். துளைக்குள் இருப்பதற்கு மரை துப்புரவாக்குகிற டப் என்று திருகி விடுகிற கருவி தனியாக உண்டு, அது கிடைக்காவிட்டால் ஒரு பழைய போல்ட்டின் பக்கத்தில் கோடாக வெட்டு வைத்து அதை உள்ளே விட்டு எடுக்கலாம். புது மரை வெட்டுகிற டப்பை விடாதீர்கள், அது இருக்கிற மரையையும் சீவிக்கொண்டு வந்துவிடும். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, காற்று விட்டு, காய விட வேண்டும்.

காய விடுவதில்தான் நமது ஊர்ப் பிரச்சினை. பிரேக் கிளீனர் ஆவியாகும்போது இரும்பைக் குளிர்விக்கும். நானுஓயா, நுவரெலியாப் பக்கம் மிஸ்ட் இறங்கியிருக்கிற நேரத்தில் அப்படிக் குளிர்ந்த இரும்பின் மேல் உடனே பனி மாதிரி ஈரம் படியும். ஒயிலைக் கழுவிவிட்டுத் தண்ணீரைத் தடவிய கதைதான். ஹீட் கன் இருந்தால் லேசாகக் காட்டி, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிற அளவுக்கு ஆக்கிவிட்டுப் பூசுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. போத்தலில் எழுதியிருக்கிற நேரமெல்லாம் 22 பாகை வெப்பத்துக்குச் சொன்னது, அந்த வெப்பத்தில் 243 முழுப் பலத்துக்கு வர 24 மணித்தியாலம். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல், தை மாதத்து இரவில், திறந்த கராஜில் அது வெகுவாக மெதுவாகும். சாயங்காலம் பூட்டி, மறுநாள் விடிய லோட் ஏற்ற வேண்டும் என்று சாரதி நிற்பார். முடிந்தால் பகலில் பூட்டுங்கள். அவசரம் என்றால் இதற்கென்றே அக்டிவேட்டர் என்ற ஸ்பிரே இருக்கிறது, முதலில் அதை அடித்துக் காயவிட்டுப் பிறகு பசையைப் போடலாம். துத்தநாகம் பூசிய போல்ட், ஸ்டெய்ன்லெஸ் போல்ட் இரண்டிலும் பசை சாதாரணமாகவே மெதுவாகத்தான் பிடிக்கும், அவற்றுக்கும் அது உதவும்.

எங்கே சொட்டு விடுவது? துளை மறுபக்கம் திறந்திருந்தால் போல்ட்டில், நட்டு அல்லது மரை வந்து நிற்கிற இடத்தில் இரண்டு சொட்டு. அடி மூடிய துளையென்றால் துளைக்குள்ளே, அடியில் போய் விழுகிற மாதிரி. போல்ட்டில் பூசி மூடிய துளைக்குள் திருகினால் உள்ளே அடைபட்ட காற்று பசையை வெளியே தள்ளிவிடும். அதற்காகத் துளையை நிரப்பியும் வைக்காதீர்கள், திரவம் நசுங்காது, அலுமினிய வார்ப்பு வெடித்துவிடும். பசை பூசியதும் தாமதிக்காமல் ஒரேயடியாக டோர்க்குக்குக் கொண்டு வாருங்கள், பிடிக்கத் தொடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பினால் பிடித்த பசை உடைந்துவிடும். கையில் பட்டால் கழுவுங்கள், சிலருக்கு இது போகப் போகத் தோல் ஒவ்வாமையைக் கொடுக்கும். சென்சர், பிளக் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் மேல் வழிய விடாதீர்கள், சில பிளாஸ்டிக் வெடித்துப் போகும்.

முன்னாலிருந்து பின்னாலே

இனி ஒரு டொல்பின் வேன் மாதிரி பின்சில்லு இழுவை வண்டியை மனதில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போவோம்.

பிளைவீல் (கிராங்க் சாப்ட்டின் பின் நுனியில் இருக்கிற பாரச் சக்கரம்) போல்ட்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பல என்ஜின்களில் கிராங்க் சாப்ட்டின் அந்தத் துளைகள் மறுபக்கம் திறந்திருக்கும், அங்கே என்ஜின் ஒயில் தெறித்துக்கொண்டிருக்கும். உலர்வாகப் பூட்டினால் மரை வழியாகச் சுற்றிச் சுற்றி ஒயில் வந்து கிளட்ச்சை நனைக்கும். பின் ஒயில் சீல் போய்விட்டது என்று புது சீல் வாங்கிப் போட்டு, அதன் பிறகும் கசிந்தால் சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். சீலில் ஒரு குறையும் இருக்காது. இங்கே மரைப்பசை இரண்டு வேலை செய்கிறது, போல்ட்டையும் பிடிக்கிறது, ஒயிலையும் அடைக்கிறது. புது போல்ட் வாங்கினால் சிலவற்றில் மரையில் வர்ணம் பூசினது போலக் காய்ந்த பசை ஏற்கெனவே இருக்கும். அதன் மேல் இன்னும் ஊற்றாதீர்கள், அதைச் சுரண்டியும் விடாதீர்கள். முதலில் ஒரு டோர்க், அதற்குப் பிறகு 90 பாகை திருப்பு என்று மெனுவல் சொன்னால், பெரும்பாலும் அந்த போல்ட் வரம்புவரை நீட்டிப் பிடிக்கிற வகை, திரும்பப் பாவிக்கலாமா என்று மெனுவலில் பார்க்காமல் பூட்டக்கூடாது.

பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) போல்ட் சின்னது. பல டொயோட்டாக்களில் 19 நியூட்டன் மீட்டர்தான். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும், மெனுவல் கேட்காவிட்டால் ஒன்றும் பூச வேண்டாம். கேட்டால் ஒரு சொட்டு, அதற்கு மேல் போட்டால் சுழற்சியில் தெறித்து கிளட்ச் தட்டில் படும்.

கியர்பொக்ஸின் மணி வடிவ முன்பக்க உறையை (பெல் ஹவுசிங்) என்ஜினோடு பூட்டுகிற போல்ட்டுகளில் பிரச்சினை வேறு. அலுமினியத்துக்குள் இரும்பு, அதன் மேல் வருஷம் முழுக்க மழை. கழற்றும்போது மரையில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வரும், சில நேரம் பொடியோடு மரையும் சேர்ந்து வரும். துளையை நன்றாகத் துப்புரவாக்கி உலர்வாகப் பூட்டுவது எப்போதும் சரி. திரும்பத் திரும்ப இறுகுகிற வண்டி என்றால் மிக மெல்லியதாக அன்டி சீஸ் பூசலாம், டோர்க்கையும் குறைக்க வேண்டும். அதுவும் கொப்பர் கலந்தது வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அலுமினியமோ நிக்கலோ கலந்ததைத் தேடி வாங்குங்கள்.

கொப்பர் கிரீஸுக்கு உரிய இடம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கியர்பொக்ஸை இறக்க வழிவிட்டுக் கழற்றுகிற சைலன்சர் பைப்பின் போல்ட்டுகள். சூடேறி, நனைந்து, திரும்பச் சூடேறி அவை வெல்டிங் பிடித்தது போல ஆகிவிடும். அங்கே தாராளமாகப் பூசுங்கள். ஒக்சிஜன் சென்சரின் முனையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புது சென்சரின் மரையில் பூச்சு அநேகமாக ஏற்கெனவே இருக்கும்.

கியர் ஒயில் வடிக்கிற பிளக். வொஷரோடு வருகிறதென்றால் புது வொஷர், வேறொன்றும் இல்லை, அடைப்பது வொஷர்தான். நுனி சிறுத்த பிளக் என்றால் மரை வழியாகத்தான் அடைக்க வேண்டும், அதற்கு மரை சீலன்ட் தனியாக இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை இங்கே சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிழிந்த ஒரு துண்டு உள்ளே போனால் அது எங்கே சுற்றிக்கொண்டிருக்கும் என்று தெரியாது, ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் என்றால் வால்வுக்குள்ளே போய் உட்காரும். வேண்டவே வேண்டாம்.

புரொப்பலர் சாப்ட் பிளேஞ்ச் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நைலோன் வளையம் வைத்த நட்டு என்றால் ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள், பசை தேவையில்லை. சாதாரண நட்டு என்றால் 243, சுத்தமான மரையில். வேறு தரத்துப் போல்ட்டைப் போட்டுச் சமாளிக்கிற பழக்கம் எங்கும் உண்டு, தலையில் இருக்கிற எண் பழையதோடு பொருந்தாவிட்டால் எந்தப் பசையும் உதவாது.

டிபரன்சியலுக்குள் கிரௌன் வீல் (பெரிய பற்சக்கரம்) போல்ட் எப்போதும் சூடான ஒயிலில் சுழல்கிறது, ஏற்ற இறக்கத்தின் அடி முழுவதும் அதன் மேல்தான். இங்கே மெனுவல் பசை கேட்டால் அது கேட்கிற எண்ணையே போடுங்கள், பூட்டுத் தகடு கேட்டால் புதுத் தகடு. பல மெனுவல்களில் கிரௌன் வீலைக் கொதிநீரில் போட்டுச் சூடாக்கிக் கேஸில் இறக்கச் சொல்லியிருக்கும். தூக்கியதும் துளைகளில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி முடியும்வரை பொறுக்க வேண்டும், அதன் பிறகுதான் பசை. (நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், இந்த வேலைக்கு அது பாதகமில்லை.)

எக்சல் நட்டு, அதாவது முன்சில்லு இழுவை வண்டிகளில் சி.வி. சாப்ட் நுனியில் இருக்கிற பெரிய நட்டு, பெரும்பாலும் விளிம்பை உளியால் தட்டிப் பள்ளத்தில் மடக்குகிற வகை. புது நட்டு, சரியான டோர்க், தட்டு. பசைக்கு அங்கே வேலை இல்லை.

சில்லு நட்டுக்கு ஒன்றுமே பூசாதீர்கள். பஞ்சர் கடையில் அன்போடு கிரீஸைத் தொட்டு வைப்பார்கள், "துருப் பிடிக்காது அண்ணே" என்று சொல்லுவார்கள். சில்லு நட்டு உட்காருகிற சரிவில் உராய்வு குறைந்தால், முதலில் போட்ட எம்10 கணக்கு அப்படியே இங்கேயும் நடக்கும், நீள்வது சில்லைத் தாங்குகிற ஸ்டட். பல டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், சுத்தமான உலர்ந்த மரையில். அலோய் சில்லு ஹப்போடு ஒட்டிக்கொள்கிறதென்றால் ஹப்பின் நடுவில் சில்லு உட்காரும் விளிம்பில் மட்டும் துளி அன்டி சீஸ் தடவலாம், ஸ்டட் பக்கம் போகாமல்.

பதிலாகப் போடுகிறவை

சுப்பர் குளூ ஈரத்தில் உறைவது, அதிர்வில் நொறுங்கிவிடும், சூட்டில் விட்டுவிடும். சிலிகன் கேஸ்கட் பசை மரையில் வழுக்கும், பிடிக்காது, பிதுங்கிய துண்டு ஒயில் வழியை அடைக்கும். பெயிண்ட் ஒரு காலத்தில் பாவித்தார்கள், துரு பிடித்து இறுகியதைப் பசை பிடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். பூட்டிய நட்டை உளியால் குத்தி மரையை நசுக்குகிற வைத்தியம் இன்னமும் நடக்கிறது. அதைச் செய்த போல்ட்டை யாராவது ஒருநாள் கழற்றத்தான் வேண்டும்.

சிவப்புப் பசை போட்டதைக் கழற்றுவது

போல்ட்டைச் சூடாக்க வேண்டும், கிட்டத்தட்ட 250 பாகை வரை, சூடு ஆறுமுன் கழற்ற வேண்டும். ஹீட் கன்னால் தலையில் பொறுமையாகக் காட்டினால் சின்ன போல்ட்டுக்குப் போதும். பக்கத்தில் பெட்ரோல் லைன் இருக்கிறதா, ஒயில் சீல் இருக்கிறதா, பெயரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் கிளீனர் அடித்த ஈரம் காயாமல் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள். வருகிற புகையை மூச்சில் இழுக்காதீர்கள், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், குளிர்தான், பரவாயில்லை. பலத்தை மட்டும் நம்பி இம்பெக்ட் கன்னைப் போட்டால் எம்8, எம்10 போல்ட்டுகள் தலையோடு முறிந்து வரும், பிறகு துளை போட்டு எடுக்கிற செலவு பசையின் விலையைப் போலப் பல மடங்கு.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது, இதற்குப் பத்துப் பைசா செலவில்லை. டோர்க் வைத்து முடித்ததும் போல்ட் தலையிலிருந்து பிளேஞ்ச் வரைக்கும் பெயிண்ட் பேனாவால் ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். எதை இறுக்கினீர்கள், எதை மறந்தீர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த ஒயில் மாற்றத்துக்கு வண்டியை ஏற்றும்போது டோர்ச் அடித்துப் பாருங்கள், கோடு இரண்டாக உடைந்து நின்றால் அந்த போல்ட் திரும்பியிருக்கிறது, கழற்றித் துடைத்து முதலிலிருந்து பூட்ட வேண்டும்.